அப்பா முடுக்கிய நட்டு

அன்புள்ள கண்ணு,

இந்தக் கடிதத்தை நீ படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வரி எழுத்துக் கூட்டிப் பார்ப்பாய், "கவி, நீயே ரீட் பண்ணேன்" என்று நீட்டிவிட்டு சோபாவில் சாய்ந்துகொள்வாய். அது தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுகிறாய். கவிதா ஈரோட்டில் பள்ளிக்கூடம் படித்தவள், ஒரு வரி விடாமல் வாசிப்பாள், அவளை நிறுத்தச் சொல்ல உனக்குத் தைரியம் வராது. கவிதா, இதில் உன்னைப் பற்றியும் கொஞ்சம் வருகிறது. அந்த இடம் வரும்போது மெதுவாகத் தாண்டிப் போய்விடாதே. அதையும் சத்தமாகவே வாசி.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை அப்பா டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உங்கள் புது வீட்டுக்கு வருகிறார். புது வீடு என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அது யார் யாரோ குடியிருந்து தேய்த்துவிட்டுப் போன பழைய வீடாகத்தான் தெரிகிறது. எல்லா அறையிலும் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர், எல்லா ரேடியேட்டருக்கும் துருப்பிடித்த இரும்புக் குழாய். அதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பேஸ்மென்டில் இருக்கும் பாய்லரிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் சின்னச் செம்புக் குழாய் இழுத்து, ஒவ்வொன்றையும் ரேடியேட்டர் வால்வில் தானே மாட்டித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். நீயும் சரி என்றுவிட்டாய். ஜனவரியில் குழந்தை வருகிறது, குளிர் இறங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதை நான் சமையலறை போனை எடுத்துக் கேட்டேன். ஆமாம், எடுத்துத்தான் கேட்டேன். அவரை அந்த வால்வுகளில் கைவைக்க விடலாமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா எதையும் சந்தேகப்படுகிறவள் என்பது உனக்குப் புதிதல்ல. ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் தேங்காய் வாங்கினால் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பேன், கடைக்காரர் முகத்தையும் பார்ப்பேன். காலேஜில் உன் ரூம்மேட்டுக்கு வாரம் தவறாமல் பார்சல் வருகிறதே, அவன் என்னவோ விற்கிறான் என்று நினைத்தேன். பழைய புத்தகம் வாங்கிப் படிக்கிற பையன் என்று நீ நிரூபித்தாய். ஈரோட்டிலிருந்து கவிதாவின் போட்டோ வந்தபோது இது இவளுடைய அக்காவின் போட்டோவாக இருக்கும் என்றேன். கவிதாவுக்கு அக்காவே கிடையாது. போன வருஷம் முடிந்து 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பேஸ்மென்ட் நிறைய அரிசியும் துவரம் பருப்பும் வாங்கி அடுக்கினேன். இன்னும் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் நீ சொல்கிற வாக்கியம் எனக்கு மனப்பாடம். "அம்மா, ப்ளீஸ், யு சஸ்பெக்ட் எவ்ரிதிங்." சொல்லிக்கொள். ஆனால் நாங்கள் வாங்க இருந்த முதல் வீட்டில், டைனிங் ரூம் சுவரில் ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்து, உள்ளங்கையை வைத்து அழுத்தி, இது ஈரச்சுவர் என்று சொன்னவள் நான்தான். வீட்டைக் காட்ட வந்தவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "அவ சொன்னா இருக்கும்" என்று காரில் ஏறிவிட்டார்.

அப்பாவுக்கும் சந்தேகம் உண்டு, ஆனால் என்னுடையதைப் போல எல்லாப் பக்கமும் பாயாது. அவருடைய சந்தேகம் எல்லாம் கைவேலை செய்கிறவர்கள் மேல்தான். கோயம்புத்தூரில் பம்பு செட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மெக்கானிக், எலக்ட்ரீஷியன், முடிவெட்டுகிறவர், யாராக இருந்தாலும் பக்கத்தில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். அதனால்தான் இந்த வீட்டை வாங்கியதும் ரேடியேட்டர் குழாய்களை மாற்ற ஆளைக் கூப்பிடாமல் தானே உட்கார்ந்தார். நீ அப்போது ஹைஸ்கூல். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடியில் கிடந்தாய். டார்ச் பிடித்தது நான். ஒவ்வொரு அறையிலும் தரையில் குந்தி, அவர் முகத்துக்குப் பக்கத்தில் டார்ச்சை நீட்டிக்கொண்டு நான் பார்த்த வேலை அது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

செம்புக் குழாயை அளவாக வெட்டுவார். வெட்டின வாயில் இருக்கும் பிசிறை மழித்து எடுப்பார். முதலில் நட்டைக் குழாயில் கோர்ப்பார், அதன் பின்னால் ஒரு பித்தளை வளையத்தைக் கோர்ப்பார். குழாயை வால்வுக்குள் முட்டும் வரை தள்ளிவிட்டு, நட்டைக் கையாலேயே முடுக்குவார். கையால் இனிமேல் முடியாது என்கிற இடம் வந்த பிறகுதான் ஸ்பேனர். அதுவும் ஒரே ஒரு சுற்று. அந்தச் சுற்றில் வளையம் குழாயைக் கவ்விக்கொள்ளும், பிறகு தண்ணீர் வெளியே வராது. "ஒரு ஸ்பேனர் வால்வைப் புடிச்சுக்கோணும், இன்னொண்ணு நட்டைச் சுத்தோணும். அதுக்கு மேல முடுக்குனா வளையம் குழாயை நசுக்கிப்போடும். கொறைச்சு முடுக்குனா கசியும்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்வார். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். "ஏனுங்க, கையால முடியற மட்டும்னா யாரு கையால? என் கையும் உங்க கையும் ஒண்ணா?" என்று கேட்டேன். "மாட்டறவன் கைதான் அளவு" என்றார். முடித்த பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, பாய்லரைப் போட்டு, மறுநாள் வந்து பேப்பரை விரலால் தடவிப் பார்ப்பார். ஒன்றுகூட நனைந்ததில்லை.

அந்தக் குழாய்களை நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும், நீதான் உன் நண்பர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாய். செம்பு என்றால் எனக்குத் தேய்க்கத்தான் தெரியும். ஹாலிலும் டைனிங் ரூமிலும் சுவரோரம் ஒரு சாண் உயரத்துக்குச் செம்பு நிற்கிறது, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிறது, அது கறுத்துப்போய் நின்றால் வீட்டுக்காரியைத்தானே சொல்வார்கள்? பொங்கலுக்கு முன்னால், தீபாவளிக்கு முன்னால், மனம் சரியில்லாத நாட்களில், புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துத் துடைத்துவிடுவேன். பூஜை அறைக் குடமும் ரேடியேட்டர் குழாயும் ஒரே மாதிரி பளபளக்கும். மாடிக் குழாய்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இந்தப் புளி விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்.

போன வருஷம் குளிர் தொடங்குவதற்கு முன்னால், அறைக்கு அறை சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம் என்று, டயல் வைத்த புது வால்வு மூன்று வாங்கி வந்தார். டைனிங் ரூமுக்கு ஒன்று, மாடியில் உன் அறைக்கு ஒன்று, விருந்தாளி அறைக்கு ஒன்று. பழைய வால்வைக் கழற்றி, குழாய் நுனியை வெட்டி, புது வளையம் போட்டு மாட்டினார். அந்த முறை டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. "நீ வேலையப் பாரு" என்றார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவள் அதற்குச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த நவம்பர் தாங்க்ஸ்கிவிங் லீவுக்கு நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் ஆன கையோடு வந்திருந்தீர்கள். தோசைக்கு அரைத்த மாவைப் பொங்குவதற்காக வழக்கம்போல டைனிங் ரூம் ரேடியேட்டர் பக்கத்தில் வைத்திருந்தேன். காலையில் பாத்திரத்தைத் தூக்கினால் அடியில் ஈரம். மாவு வழிந்துவிட்டது என்று நினைத்துத் தொட்டு முகர்ந்தேன். புளித்த வாசனை இல்லை, துரு வாசனை. பாத்திரம் இருந்த இடத்தில் மரத்தரை கறுத்து, அழுத்தினால் உள்ளே போனது. உடனே என் மனசு யார் யார் என்று ஓடியது. முதலில் உன் சூட்கேஸ். முந்தின நாள் அதை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் போனாய். பிறகு கவிதா. கவிதா, நீ குளித்துவிட்டு ஈரத் துண்டை அந்த வால்வில் தொங்கவிட்டிருந்தாய். கனமான துண்டு, அது இழுத்து இழுத்து இணைப்பைத் தளர்த்திவிட்டது என்று முடிவு கட்டினேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்து நாலாக மடித்து உன் பெட்டி மேல் வைத்தேன், அன்று முழுவதும் உன்னிடம் அளந்து பேசினேன். "அத்தை, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று நீ கேட்டாய். "இல்லையே" என்றேன். அப்படி நினைத்ததற்கு நான் வருத்தப்படுகிறேனா என்றால், துண்டை வால்வில் போடக் கூடாது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் கசிவுக்கு நீ காரணமில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

அப்பா குனிந்து பார்த்தார். நட்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். எழுந்தவர், "எல்லாம் உன் புளிதான்" என்றார். "புளி போட்டுத் தேச்சுத் தேச்சு வளையத்தையே அரிச்சுப்போட்டே. செம்புல கசிவு இருந்தா களிம்பு பூத்துக் காட்டிக்குடுக்கும், அதையும் நீ தொடச்சுத் தொடச்சு மறைச்சுப்போட்டே." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. இரண்டு முறை அந்த நட்டோரம் பச்சையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன், தேய்த்துத் துடைத்தேன். செம்பில் களிம்பு ஏறுவது வழக்கம்தானே, அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. அவர் அந்த இணைப்பைக் கழற்றித் திரும்ப மாட்டினார். சில வாரத்தில் திரும்பக் கசிந்தது. திரும்ப மாட்டினார். நான் புளியை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் எல்லாம் அப்பா இந்தக் கதையைச் சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன். என் தரையை நானே அழித்துவிட்டேன் என்று ஒரு குளிர்காலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

கவிதா பிரசவத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்கட்டும் என்று பேசினோம் அல்லவா? அதற்காகப் போன மாதம் உன் பழைய அறையைத் தட்டித் துடைத்தேன். நீ போனதிலிருந்து அந்த ரேடியேட்டரை மூடியே வைத்திருந்தோம், புது வால்வு மாட்டிய பிறகும் திறக்கவில்லை. குளிர் லேசாகத் தொடங்கியதும் அறை சூடாகிறதா பார்க்கலாம் என்று வால்வைத் திறந்தேன். மறுநாள் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. அங்கே யார் துண்டு போட்டார்கள்? யார் சூட்கேஸ் இழுத்தார்கள்? புளி அந்த அறை வாசலைக்கூட மிதித்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு கீழே இறங்கி ஹாலில் இருக்கும் பழைய இணைப்புகளைப் போய்ப் பார்த்தேன். வருஷக் கணக்காகப் புளி தின்ற இணைப்புகள் அவை. ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தேன். காலையில் எல்லாம் காய்ந்தே இருந்தது. அப்பா முன்பு மாட்டியது எதுவும் கசியவில்லை. போன வருஷம் மாட்டியது மட்டும்தான் கசிகிறது.

அவர் ஆபீஸுக்கு ரயில் பிடிக்கப் போன பிறகு பேஸ்மென்டிலிருந்து இரண்டு ஸ்பேனரையும் எடுத்து வந்தேன். ஒன்றால் வால்வைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை உன் அறை நட்டில் மாட்டி மெதுவாகத் திருப்பினேன். கண்ணு, அது சுற்றியது. அடம் பிடிக்கவே இல்லை. உன் அப்பா முடுக்கிய நட்டு என் கைக்குச் சுற்றுகிறது. இந்த வீட்டில் தண்ணீர் கேன் மூடியைக்கூட அவர் மூடினால் நான் திறக்க முடியாது, உனக்கே தெரியும். அரைச் சுற்று முடுக்கியதும் கசிவு நின்றது. டைனிங் ரூம் நட்டும் அப்படியேதான், விருந்தாளி அறை நட்டும் அப்படியேதான். மாட்டுகிறவன் கைதான் அளவு என்று சொன்னாரே, அந்தக் கையால் முடுக்க முடிகிற மட்டும் முடுக்கியிருக்கிறார், அதற்கு மேல் ஒரு சுற்றும் கொடுத்திருக்கிறார். வேலையில் குறை வைக்கவில்லை. கைதான் குறைந்திருக்கிறது. அவருக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது, புளியைக் காட்டித் தப்பித்திருக்கிறார்.

பிறகு எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. கோடையிலிருந்து அப்பா ரசம் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுகிறார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, வெள்ளைக்காரர்கள் விருந்துக்கு வந்திருந்தாலும் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர். கேட்டால், "ஆபீஸ்ல பழகிடுச்சு" என்கிறார். கயிறு கட்டும் ஷூவை மூலையில் போட்டுவிட்டு, காலை நுழைத்தால் போதும் என்கிற ஷூ வாங்கியிருக்கிறார். மால் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் தானே போய் வாங்கியிருக்கிறார். லீவு நாட்களில் பொத்தான் சட்டை போடுவதில்லை, டீ-ஷர்ட்தான். ஒரு வாரம் எனக்கு வேறு திசையிலும் சந்தேகம் போனது என்று ஒப்புக்கொள்கிறேன். இந்த வயசில் புது ஷூவும் டீ-ஷர்ட்டும் யாருக்காக என்று. ஆபீஸில் யாருக்கு என்ன பேர் என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். அவர் பதில் சொல்லிக்கொண்டே ஸ்பூனைக் கீழே தவறவிட்டார், குனிந்து எடுக்கும்போது இரண்டு கையையும் உபயோகித்தார். அந்தத் திசையை அத்தோடு விட்டேன்.

நான் ஒரு பொறி வைத்தேன். இதைக் கேட்டு நீ தலையில் அடித்துக்கொள்வாய், பரவாயில்லை. எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை நானே திறந்து, திரும்ப நானே மூடினேன். லேசாக, இரண்டு விரலால் திறக்கிற மாதிரி. சாப்பிட உட்கார்ந்ததும், "ஏனுங்க, இது வரமாட்டேங்குது, திறந்து குடுங்க" என்று நீட்டினேன். வாங்கினார். மூடி மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "கீழ பாய்லர்ல என்னமோ சத்தம் வருது, சித்த பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தார், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். ஒரு சத்தமும் வரவில்லை, பாய்லர் ஓடவே இல்லை. திரும்பி வந்து, "புது மூடி, அதான் இறுகிக்கிடந்துச்சு" என்று திறந்த பாட்டிலை வைத்தார். மூடியைச் சுற்றிலும் குழாய் ரெஞ்சின் பல் பதிந்திருந்தது. நான் ஊறுகாயைப் பரிமாறினேன். இருவரும் சாப்பிட்டோம்.

நேராகவும் கேட்டேன். "கையைக் காட்டுங்க" என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எதுக்கு?" என்றார். "உங்க கைக்கு என்னமோ ஆயிருக்கு." "எனக்கு ஒண்ணும் ஆகலை. நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும், இங்க வந்து என் உயிரை எடுக்கறே." இதுதான் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் பார்க்கிற நேரத்தில் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறார். உனக்குப் போன் பண்ணினேன். ஸ்பூன் என்று ஆரம்பித்ததுமே நீ சிரித்துவிட்டாய். "அம்மா, ஹீ இஸ் ஆல்மோஸ்ட் சிக்ஸ்டி. இட்ஸ் ஆர்த்ரைடிஸ். எல்லாரும் ஸ்பூன்லதான் சாப்பிடறாங்க" என்றாய். ஊறுகாய் பாட்டில் வரை உன்னிடம் வரவே முடியவில்லை. அந்தப் பக்கம் உனக்கு வேறு போன் வந்துவிட்டது. உன்னைக் குறை சொல்லவில்லை. தேங்காய்க்கும் ரூம்மேட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் ஒரே குரலில் கத்தியவள் நான், இதை மட்டும் எந்தக் குரலில் சொல்வேன்?

போன வாரம் எடிசன் ஊரில் ஒரு மயிலாப்பூர்க்காரர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். நரம்பு டாக்டர் ஒருவர் வந்திருந்தார், நீ அங்கிள் என்று கூப்பிடுவாயே, அவர்தான். சுண்டல் கப்போடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "வலி இருக்குன்னு சொல்றாரா?" என்றார். "வலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றேன். "வலி இருந்தா ஆர்த்ரைடிஸ்னு நானும் சொல்லிடுவேன். வலி இல்லாம பலம் மட்டும் போகுதுன்னா அதுதான் எனக்குப் பிடிக்கலை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, மேல் பக்கம், சதை வத்தியிருக்கான்னு பாருங்க. கழுத்து எலும்புல நரம்பு நசுங்கியிருந்தா இப்படி ஆகும். சீக்கிரம் வந்தா மேல போகாம நிறுத்தலாம், கொஞ்சம் திரும்பவும் வரும். லேட் பண்ணா போனது போனதுதான்" என்றார். வேறு காரணமும் இருக்கலாம், அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும் என்று கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த வேறு காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை. முதல் முறையாக ஒரு விஷயத்தைத் தோண்டிக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அப்பா பேப்பரைப் பிடித்திருக்கும்போது, காப்பி ஆற்றிக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது கையில், கட்டை விரலுக்குப் பக்கத்தில், மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாகக் கிடக்கிறது. கண்ணு, எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் டாக்டரிடம் தானாகப் போக மாட்டார். கழுத்தில் கத்தி வைக்கலாம் என்று சொல்லிவிட்டால் அந்த டாக்டரைத்தான் சந்தேகப்படுவார். உன் வீட்டு வேலையை ஏன் இப்படிப் பறந்து பறந்து இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. இன்னும் முடியும் என்று தனக்கே காட்டிக்கொள்ளப் பார்க்கிறார். அவர் மாட்டினால் நட்டு நிற்கிற மாதிரிதான் இருக்கும், டிஷ்யூ பேப்பர்கூட முதல் நாள் காய்ந்திருக்கலாம். ஜனவரியில் பாய்லர் இரவும் பகலும் ஓடும்போது, குழந்தை படுத்திருக்கிற அறையில் அது கழன்றால் வருவது கொதிக்கிற தண்ணீர்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். சனிக்கிழமை அவரை வர வேண்டாம் என்று சொல்லாதே. போனில் வேண்டாம் என்றால் நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்துவிடும், கையை இன்னும் ஆழமாகப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். வரட்டும். குழாய் மாட்டுவதற்கு அன்றைக்கே ஒரு ப்ளம்பரைக் கூப்பிட்டு வைத்துக்கொள். "அப்பா, இவன் ஒழுங்கா செய்யறானான்னு நீங்க கூட இருந்து பாத்துக்கங்க" என்று சொல். ஒருத்தர் வேலையைப் பக்கத்தில் நின்று சந்தேகப்படுவது அவருக்குப் பிடித்த வேலை, அதை மறுக்க மாட்டார். சாப்பாட்டுக்குக் கவிதா ஸ்பூன் வைக்கட்டும், எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் வைக்கட்டும். திங்கட்கிழமை காலையில் அந்த டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அப்பா பெயரில்தான். நான் கூப்பிட்டால் வர மாட்டார். நீ லீவு போட்டுவிட்டு வந்து காரை வாசலில் நிறுத்தினால் ஏறிவிடுவார். என்னிடம் அவர் மறைத்த அளவுக்கு உன்னிடம் மறைக்க அவருக்குத் தெம்பு இருக்காது.

இது எல்லாம் என் கற்பனை என்று நீ இப்போதும் நினைக்கலாம். கவிதா இதுவரை வாசித்ததும் நீ அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பாய். தப்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும்தான் சாமியை வேண்டிக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் தோற்க வேண்டும் என்று நானே ஆசைப்படுவது இதுதான் முதல் முறை. ஆனால் நட்டு சுற்றியதைப் பார்த்த கை என்னுடையது, அதை என்னால் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

என்னை நம்ப வேண்டாம், கண்ணு. ஒன்றே ஒன்று மட்டும் செய். நீயும் அப்பாவும் கை கொடுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது, ஏர்போர்ட்டில்கூட நீ தலையை ஆட்டுவாய், அவர் உன் பெட்டியை வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். சனிக்கிழமை அவர் காரை விட்டு இறங்கியதும் நீ வாசலுக்குப் போய் வலது கையை நீட்டு. அவருக்கு ஒரு மாதிரி இருக்கும், இருந்தாலும் மகன் நீட்டிய கையைத் தட்ட மாட்டார். நன்றாக அழுத்திப் பிடி. அவர் எவ்வளவு முயற்சி செய்கிறார் என்று அவர் முகத்தில் தெரியும், உன் கையில் தெரியாது. அவராக விடுகிற வரைக்கும் நீ விடாதே.

அம்மா